வரிசையின் விலை

1974ஆம் ஆண்டு அமெரிக்க அரசு 480 கோடி பெட்ரோல் கூப்பன்களை அச்சடித்தது. நாடு முழுவதும் ரேஷன் வந்தால் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுப்பதற்கான தாள்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஜார்ஜ் வாஷிங்டனின் படம் இருந்தது. ரேஷன் கடைசிவரை வரவில்லை. கூப்பன்கள் கொலராடோ மாநிலத்தில் ஒரு ராணுவக் கிடங்கில் பத்து ஆண்டுகள் கிடந்தன. டாலர் நோட்டுக்குச் சில்லறை தரும் இயந்திரங்கள் இந்தக் கூப்பனையும் டாலராக எடுத்துக்கொள்ளும் என்பது கூடுதல் தலைவலி. 1984இல் அத்தனையையும் அழித்துவிட்டார்கள்.

தட்டுப்பாட்டின் வரலாற்றில் இது சின்னச் செய்திதான். ஆனால் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எழ வேண்டிய கேள்வி இதற்குள் இருக்கிறது. எரிபொருள் குறைந்துபோனால் அது யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு, எந்த விதிப்படி? அமெரிக்கா கூப்பனை அச்சடித்தது, ஆனால் இந்தக் கேள்விக்கு விடையை முடிவு செய்யவில்லை. அதனால் பங்க் வாசலில் வரிசைதான் அதை முடிவு செய்தது.

1973 தட்டுப்பாடு என்றதும் அரபு நாடுகளின் தடையைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. தடைக்கு முன்பே அமெரிக்காவின் எண்ணெய்க் கையிருப்பு மெலிந்திருந்தது. உள்நாட்டு உற்பத்தி 1970இல் நாளொன்றுக்கு 96 லட்சம் பீப்பாய் என்ற உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது. டெக்சாஸ் மாநிலத்தில் ரயில்வே ஆணையம் என்ற பெயருள்ள அமைப்புதான் கிணறுகளில் எவ்வளவு எடுக்கலாம் என்று பல பத்தாண்டுகளாக அளவு விதித்துவந்தது. விலை விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு என்றாலும், அவசரம் வந்தால் திறந்துவிட உபரி இருக்கிறது என்ற தைரியத்தையும் அது கொடுத்தது. 1972 மார்ச்சில் ஆணையம் கட்டுப்பாட்டை முழுவதும் தளர்த்தியது. இனி இழுக்க எதுவும் மிச்சமில்லை என்பதே அதன் பொருள். அந்த முடிவு அன்றைக்குப் பெரிய தலைப்புச் செய்தி ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டும்.

இன்னொரு முடிச்சை 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் போட்டிருந்தார். பணவீக்கத்தை அடக்க விலைகளையும் கூலியையும் உறைய வைத்த நாள் அது. மற்றப் பொருள்களின் மீதான கட்டு பிறகு படிப்படியாகத் தளர்ந்தது. எண்ணெய் மட்டும் பத்து ஆண்டுகள் ஏதோ ஒரு வகையான விலைக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 1973 கோடையில், அதாவது அக்டோபரில் மேற்காசியாவில் போர் மூள்வதற்குச் சில மாதங்கள் முன்பே, சிறு நிறுவனங்களின் பங்க்குகளுக்குச் சரக்கு கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் அக்டோபர் 6 அன்று எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. 16ஆம் தேதி வளைகுடா நாடுகள் எண்ணெயின் அறிவிப்பு விலையை 70 சதவீதம் உயர்த்தின. மறுநாள் அரபு நாடுகள் உற்பத்தியை மாதாமாதம் குறைப்பதாக அறிவித்தன. இஸ்ரேலுக்கு 220 கோடி டாலர் உதவி தர நிக்சன் 19ஆம் தேதி காங்கிரஸைக் கேட்டார். 20ஆம் தேதி சவுதி அரேபியா அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது. மூன்று டாலர் அளவில் இருந்த பீப்பாய் விலை 1974 ஜனவரி 1 அன்று 11.65 டாலர் ஆனது.

இவ்வளவுக்கும் உலகச் சந்தையிலிருந்து காணாமல் போன எண்ணெய் எவ்வளவு? நெருக்கடியின் உச்சமான 1973 டிசம்பரில் நாளொன்றுக்குச் சுமார் 44 லட்சம் பீப்பாய். சோவியத் அணிக்கு வெளியே இருந்த நாடுகளின் மொத்த வரத்தில் இது ஒன்பது சதவீதம் அளவு. நூற்றில் ஒன்பது குறைந்தது. மிச்சம் தொண்ணூற்றொன்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 1974 பிப்ரவரியில் நியூயார்க், நியூஜெர்சிக்காரர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஒன்பது சதவீதக் குறைவு எப்படி அவ்வளவு நீளமான வரிசையாக மாறியது என்பதுதான் இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம்.

முதல் காரணம் பயம். அன்று அமெரிக்காவில் சுமார் பத்துக் கோடி கார்கள் ஓடின. சாதாரண நாளில் ஒருவர் டேங்க் கால்வாசிக்கு இறங்கிய பிறகுதான் பங்க்குக்குப் போவார். நாளைக்குக் கிடைக்காதோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் பாதி குறைந்ததுமே போவார். ஒவ்வொரு காரிலும் வழக்கத்தைவிட 20 லிட்டர் கூடுதலாக நின்றது என்று வைத்துக்கொள்வோம். அது மொத்தம் 200 கோடி லிட்டர், ஏறக்குறைய 1 கோடியே 26 லட்சம் பீப்பாய். அன்று அமெரிக்கா முழுவதும் எரித்த பெட்ரோலில் கிட்டத்தட்ட இரண்டு நாள் அளவு, யாரும் எரிக்காமலேயே நிலத்தடித் தொட்டிகளிலிருந்து வண்டிகளின் வயிற்றுக்கு இடம் மாறிவிடும். பங்க் காலியாகும். காலியான பங்க்கைப் பார்த்தவர் அடுத்த பங்க்கில் போய் நிற்பார். கொஞ்சமாக, அடிக்கடி நிரப்புவதால் பம்புக்கு முன் நிற்கும் நேரமும் கூடும். இதில் பதுக்கல்காரர் என்று யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பற்றி யோசித்து நியாயமாக நடந்துகொண்டவரே. அதுதான் இதிலுள்ள கொடுமை.

இரண்டாவது காரணம் அரசின் பங்கீடு. 1973 நவம்பரில் வந்த சட்டப்படி, ஒவ்வொரு பகுதிக்கும் முந்தைய ஆண்டு போன அளவை அடிப்படையாக வைத்துப் பெட்ரோல் ஒதுக்கப்பட்டது. காகிதத்தில் நியாயமாகத் தெரிந்த விதி இது. ஆனால் தட்டுப்பாடு வந்ததும் மக்களின் ஓட்டம் மாறியிருந்தது. நீண்ட தூரச் சுற்றுலா போக யாரும் துணியவில்லை. எல்லோரும் ஊருக்குள்ளேயே ஓட்டினார்கள். நெடுஞ்சாலையோரப் பங்க்குகளிலும் விடுமுறைத் தலங்களிலும் பழைய கணக்குப்படி சரக்கு இறங்கியது. வேலைக்குப் போகும் நகரங்களில் வறண்டது. நாட்டில் பெட்ரோல் இருந்தது, ஆனால் தேவைப்பட்ட ஊரில் இல்லை.

பங்க்கில் விலை அந்த ஓராண்டில் காலனுக்கு 38 சென்ட் அளவிலிருந்து 55 சென்ட் அளவுக்குத்தான் போனது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். அப்படி ஏறாமல் தடுக்கப்பட்ட மிச்ச விலையை மக்கள் நேரமாகக் கொடுத்தார்கள். மணிக்கூலிக்கு வேலை செய்பவருக்கும், இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலிக்கும், கடையை மூடிவிட்டு வந்து நிற்கும் சிறு வியாபாரிக்கும் நேரம் இலவசமல்ல. பணமாகக் கொடுத்திருந்தால் அது யாராவது ஒருவர் கைக்குப் போயிருக்கும், அரசு அதில் வரியாவது எடுத்திருக்கும். வரிசையில் கொடுத்த நேரம் யாருக்கும் வரவாகவில்லை.

ஓரிகன் மாநிலம் வேறு வழி பார்த்தது. ஆளுநர் டாம் மெக்கால் 1974 ஜனவரியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறையைக் கொண்டுவந்தார். நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணுக்கும் தேதிக்கும் பொருத்தம் உள்ள நாளில் பெட்ரோல். பங்க் வாசலில் கொடிகள் பறந்தன. பச்சை என்றால் எல்லோருக்கும் உண்டு, மஞ்சள் என்றால் அளவோடு, சிவப்பு என்றால் தீர்ந்தது. ஒரு லிட்டர்கூட இந்தக் கொடிகளால் அதிகமாகவில்லை. ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பங்க் பங்க்காக அலைவது குறைந்தது. மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துப் பின்பற்றின. தகவலுக்கும் எரிபொருள் அளவுக்கு மதிப்பு உண்டு என்பதை அந்தக் கொடிகள் காட்டின.

அவசரத்தில் எடுத்த வேறு முடிவுகளில் ஒன்று எதிர்பாராத நன்மை செய்தது. நாடு முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைல் ஆனது. மிச்சமான எரிபொருளைவிடப் பெரிய பலன் சாலையில் கிடைத்தது: 1973இல் 54 ஆயிரமாக இருந்த விபத்துச் சாவுகள் 1974இல் 45 ஆயிரமாகக் குறைந்தன. குறைவான ஓட்டமும் அதற்கு ஒரு காரணம்தான். ஆண்டு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் திட்டமோ குழந்தைகளை இருட்டில் பள்ளிக்கு அனுப்பியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே அதைத் திருத்தினார்கள். 1974 மார்ச் 18 அன்று பெரும்பாலான அரபு நாடுகள் தடையை விலக்கின. வரிசை கலைந்தது.

ஐந்து ஆண்டுகளில் அதே வரிசை திரும்பி வந்தது என்பதைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1978 இறுதியில் ஈரானின் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1979 ஜனவரியில் ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்துவந்த நாடு ஏற்றுமதியை நிறுத்தியது. சவுதி முதலிய நாடுகள் உற்பத்தியைக் கூட்டியபின் உலகுக்கு நேர்ந்த நிகரக் குறைவு நான்கு, ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. விலையோ 13 டாலரிலிருந்து 34 டாலருக்குப் போனது. நிறுவனங்களும் அரசுகளும் கார்க்காரர்களைப் போலவே தங்கள் தொட்டிகளை நிரப்ப ஓடியதே காரணம். மே மாதம் கலிபோர்னியாவில் வரிசை தொடங்கி, கிழக்கு நோக்கிப் பரவியது. வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நின்றதில் மட்டும் நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் பீப்பாய் எண்ணெய் வீணானது என்று ஒரு மதிப்பீடு உண்டு. பெட்ரோலுக்காக நின்ற வரிசையே பெட்ரோலைக் குடித்தது. ஜூன் 23ஆம் தேதி இரவு பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் லாரி ஓட்டுநர்கள் மறியலில் இறங்க, கூட்டம் சேர்ந்து, வண்டிகள் கொளுத்தப்பட்டன. இரண்டு இரவுகளில் நூறு பேருக்கு மேல் கைதானார்கள்.

1981 ஜனவரியில், பதவியேற்ற சில நாள்களிலேயே, அதிபர் ரீகன் எண்ணெய் மீது மிச்சமிருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதை முன்பே படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கியவர் கார்ட்டர். அதற்குப் பிறகு அமெரிக்காவில் நாடு தழுவிய பெட்ரோல் வரிசை வரவில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டபோதும் வரவில்லை. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022இல் காலன் 5 டாலரைத் தாண்டியபோதும் வரவில்லை. மக்கள் கடுமையாகத் திட்டினார்கள், குறைவாக ஓட்டினார்கள், ஆனால் நிற்கவில்லை. சில பகுதிகளில் மட்டும் வந்த பெரிய வரிசைகளில் ஒன்று 2021 மே மாதத்தில். டெக்சாஸிலிருந்து கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் குழாய்வழியின் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கினார்கள். 5,500 மைல் நீளக் குழாய் சில நாள்கள் நின்றது. கச்சா எண்ணெய்க்கு அப்போது எந்தப் பஞ்சமும் இல்லை. ஆனால் தென்கிழக்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பங்க்குகள் வறண்டன; பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் பிடிக்காதீர்கள் என்று அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்க வேண்டிவந்தது.

இதிலிருந்து, விலையை அவிழ்த்துவிட்டால் போதும் என்று முடிவுகட்டுவது எளிது. பொருளாதார நூல்கள் பலவும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த முடிவு போதாது என்பதை இலங்கையின் 2022 காட்டுகிறது.

இலங்கையில் நேர்ந்தது வேறு வகைத் தட்டுப்பாடு. உலகத்தில் எண்ணெய் இருந்தது; அதை வாங்க நாட்டிடம் டாலர் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை அரசு நிறுத்தியது. பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது என்று மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். மார்ச் இறுதியில் வந்த பெட்ரோல் கப்பல் ஒன்று, பணம் கட்ட வழியில்லாமல் மே நடுவிலும் கடலிலேயே நின்றது. 92 ஒக்டேன் பெட்ரோல் 2021 இறுதியில் லிட்டர் 177 ரூபாய். 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூன் இறுதியில் 470. விலையும் ஏறியது, வரிசையும் குறையவில்லை. வரிசைகளிலேயே முதியவர்கள் இறந்துபோனார்கள். ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஜூன் 18 அன்று முல்லைத்தீவு மாவட்டம் விசுவமடுவில் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் எழுந்த தகராறில் ராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜூன் 27 முதல் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பள்ளிகள் மூடின. ஜூலை 9 அன்று கொழும்பில் போராட்டக்காரர்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்ததை உலகம் பார்த்தது.

அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, ஜூலை 16 அன்று ஒரு பதிவு தொடங்கியது. பெயர், அடையாள அட்டை எண், வண்டியின் சேஸிஸ் எண், கைத்தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கியூஆர் குறியீடு வரும். பெட்ரோல் ஷெட்டில் பணியாளர் அதை ஸ்கேன் செய்வார். அந்த வாரத்துக்கு எத்தனை லிட்டர் மிச்சம் என்று திரையில் தெரியும். ஆகஸ்ட் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் இது நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. போனில்லாதவர்கள் குறியீட்டை அச்சடித்து வைத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் கிலோமீட்டர்க் கணக்கான வரிசைகள் கரைந்தன.

இந்தப் பங்கு வயிற்றுப் பிழைப்புக்குப் போதுமானதா என்றால் இல்லை. வாடகை ஓட்டிப் பிழைக்கும் முச்சக்கர வண்டிக்காரர் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு 5 லிட்டர் எதற்குக் காணும்? அவர்களின் அளவு பிறகு படிப்படியாகக் கூட்டப்பட்டது. ஆனால் குறியீடு ஒரு காரியத்தைச் செய்தது. அடுத்த வாரம் உன் பங்கு உனக்கு உண்டு என்ற உறுதியைக் கொடுத்தது. அந்த உறுதி இருந்தால் டேங்கை முட்ட நிரப்ப ஓட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1974இலும் 1979இலும் மக்களுக்குக் கிடைக்காதது இதுதான். விலையும் உண்மையை ஒட்டி வந்திருந்தது, பங்கும் அளந்து கொடுக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்ததால்தான் வரிசை ஒழிந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று அந்த முறை கைவிடப்பட்டது.

ஆனாலும் விலையின் சுமை எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி விழவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் கரையோர மீனவர்களின் சிறு படகுகள் பலவும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்ட் 22 அன்று மண்ணெண்ணெய் விலை லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த மானியத்தைத் தாங்க முடியாது என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ கடலுக்குப் போகும் ஒருவர் மீன் விலையை ஒரே நாளில் நான்கு மடங்காக்க முடியாது. மானியத்தை எடுக்கும் அன்றே அவர் கையில் அதற்கு ஈடான பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விலையைத் திருத்துவது சரி, விலை திருந்தும் நாளில் ஏழையைத் தனியே விடுவது தவறு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்தப் பாடமும் முழுமையானதல்ல.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு எரிபொருள் இல்லாத வாழ்க்கை புதிதுமல்ல. 1990இல் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்குப் போகும் பொருள்கள் மீது அரசு தடை விதித்தது. பெட்ரோல், டீசல், பேட்டரி என்று பட்டியல் நீளமானது. மின்சாரமும் போயிற்று. அந்த ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளும் பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய்க்குக் குளிர்ந்த எஞ்சின் எழும்பாது. கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோலை விட்டு உதைத்துக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை தெருவை மூடும், எஞ்சின் சீக்கிரம் கெடும். இரவில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்த சிக்கன விளக்கில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். இந்தக் கெட்டித்தனத்தைப் பாராட்டிப் பேசுகிறவர்கள் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். நோயாளியை ஏற்றிப்போக வண்டி இல்லாத ஊரில் கெட்டித்தனம் உயிரைக் காப்பாற்றிவிடாது.

தட்டுப்பாடு முடிந்தபின் ஒரு நாடு என்ன செய்கிறது என்பதில்தான் அடுத்த தட்டுப்பாட்டின் அளவு இருக்கிறது. 1973இல் அமெரிக்காவோடு சேர்த்து நெதர்லாந்தும் அரபுத் தடைக்கு ஆளானது. நவம்பர் 4 தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு விடுமுறை விட்டார்கள். மக்கள் நெடுஞ்சாலையில் சைக்கிளிலும் ஸ்கேட்டிங் சக்கரத்திலும் போனார்கள். ஜனவரியில் சில வாரம் பெட்ரோல் ரேஷனும் இருந்தது. இவை வேடிக்கையோடு முடிந்திருக்கலாம். ஆனால் அங்கே ஏற்கெனவே இன்னொரு கோபம் கனன்றுகொண்டிருந்தது. 1971இல் மட்டும் சாலை விபத்தில் 3,300 பேர் இறந்திருந்தார்கள், அதில் 400க்கு மேல் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்று பெற்றோர் இயக்கம் நடத்தினார்கள். எண்ணெய்க் கவலையும் இந்தத் துயரமும் ஒன்றுசேர, எழுபதுகளின் நடுவில் ஹேக், டில்பர்க் நகரங்களில் அரசுப் பணத்தில் சோதனை முறையாகச் சைக்கிள் பாதைகள் போடப்பட்டன. இன்று நெதர்லாந்தில் பெட்ரோல் வரி மிக அதிகம். ஆனால் விலை ஏறினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப அங்கே பாதை இருக்கிறது.

அமெரிக்காவும் 1975இல் நல்ல சட்டம் ஒன்று போட்டது. புதிய கார்கள் 1985க்குள் காலனுக்குச் சராசரி 27.5 மைல் ஓட வேண்டும், அதாவது லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர் அளவு. அன்று இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பின்னாளில் விலை குறைய இதுவும் ஒரு காரணம். ஆனால் எண்பதுகளின் நடுவில், எண்ணெய் விலை இறங்கிவந்த காலத்தில், வரம்பை 26 மைலுக்கு இறக்கினார்கள். சிறு லாரி வகைக்குத் தளர்வான வரம்பு என்ற ஓட்டை வழியே பெரிய எஸ்யூவி வண்டிகள் குடும்ப வண்டிகளாகப் புகுந்தன. 2008இல் விலை ஏறியபோது அந்த வண்டிகள் ஷோரூமில் தேங்கின. 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. மலிவான ஆண்டுகளில் கைவிட்ட ஒழுங்குக்கு விலையேறிய ஆண்டில் தொழிலாளிகள் வேலையிழந்தார்கள்.

பிரேசிலின் அனுபவம் இன்னொரு எச்சரிக்கை. 1975இல் அது கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது எத்தனாலில் மட்டுமே ஓடுபவை. கச்சா எண்ணெய் மலிந்து, சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. 1989 முடிவில் எத்தனாலுக்கு வரிசை வந்தது! ஒரே எண்ணெயை நம்பியதற்குப் பதில் ஒரே கரும்பை நம்பியிருந்தார்கள். இரண்டிலும் ஓடும் எஞ்சின் 2003இல் வந்தபிறகே அந்த நாட்டு ஓட்டுநருக்கு உண்மையான விடுதலை கிடைத்தது.

இந்தியாவில் 1973 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் பெட்ரோல் சிலருக்கான பொருள். இன்று காய்கறிக்காரர் முதல் கல்லூரி மாணவி வரை எல்லோருடைய பொருள். தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2014 இறுதியில் உலக விலை சரிந்தபோது, 2016 ஜனவரிக்குள் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை கூட்டியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11.77 ரூபாய், டீசலுக்கு 13.47 ரூபாய். உலக விலை இறங்கும்போது வரியைக் கூட்டுவதே தவறு என்று சொல்ல முடியாது. டென்மார்க்கும் எண்பதுகளில் அதைச் செய்தது. அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. பெட்ரோலில் எடுத்த வரி பஸ்ஸாகவும் ரயிலாகவும் நடைபாதையாகவும் திரும்பி வந்திருந்தால், 2021 ஜூலையில் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோது மக்களுக்கு வேறு வழி இருந்திருக்கும். தமிழ்நாட்டில் அதே ஆண்டு மே மாதம் தொடங்கிய சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான இலவசப் பயணம், எரிபொருள் திட்டமாக அறிவிக்கப்படாவிட்டாலும், விலையேற்றத்தின் அடியை லட்சக்கணக்கான வீடுகளில் தாங்கியது. பேருந்துகளின் எண்ணிக்கையும் அதற்கு ஈடாகக் கூட வேண்டும். நெரிசலில் தொங்கிப் போகும் பயணத்தை மாற்று வழி என்று சொல்ல முடியாது.

விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறைக் குகைகளில் இந்தியா அவசரக் கையிருப்பு வைத்திருக்கிறது. மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். முழுக்க நிரம்பியிருந்தால் நாட்டின் ஒன்பதரை நாள் தேவைக்கு வரும். எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளில் இருப்பது இதற்கு மேல். ஆனால் கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்பதைவிட, அது குறையத் தொடங்கும் நாளில் என்ன விதி என்பதே குடிமக்களுக்குத் தெரிய வேண்டியது. ஆம்புலன்ஸ், பஸ், பால் வண்டி, மீன்பிடிப் படகு, அறுவடை இயந்திரம், ஆட்டோ, பிறகு சொந்தக் கார் என்ற வரிசைமுறையா, வேறொன்றா? வாரப் பங்கு எவ்வளவு? போன் இல்லாதவருக்கு என்ன வழி? விலை ஏறும் நாளில் மீனவர் கணக்கிலும் ஆட்டோக்காரர் கணக்கிலும் எவ்வளவு பணம் விழும்? இந்தப் பட்டியலைப் பங்க்குகள் நிறைந்திருக்கும் சாதாரண நாளில் எழுத வேண்டும், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் விவாதிக்க வேண்டும், தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பங்க்கிலும் ஒட்ட வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது வாசகர்களின் உரிமை. அடுத்த முறை உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்க்கும்போது பெட்ரோல் விலையை எப்போது குறைப்பீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பெட்ரோல் குறைந்தால் எங்கள் ஊருக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.